வெந்நீரும், பெயர் போட்ட ஒரு கரண்டு பில்லும்

1

இங்கிலாந்துக்கு வந்த பிறகு எங்களுக்கு அது இரண்டாவது தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தோம். நான், என் மனைவி செல்வி, நாலு வயது மகள் கயல். அதற்கு மறுநாள் காலை, மாடியில் வெந்நீர்த் தொட்டி இருக்கும் அலமாரிக்கு வெளியே, சுவிட்சின் மேல் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வந்து உட்கார்ந்திருந்தது. பெட்டிக்குப் பூட்டு. சாவி கீழ்வீட்டில்.

செல்வி முதியோர் இல்லத்தில் நர்ஸ். இரவுப் பணி முடித்து வந்தவள் குழாயைத் திறந்துவிட்டு, கையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள்.

"கீசர ஆஃப் பண்ணிட்டீங்களா?"

"நான் தொடவே இல்ல."

"அப்ப வந்து பாருங்க. பொட்டி போட்டுப் பூட்டியிருக்கு. கோழி திருடு போற வீடு மாதிரி."

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வெந்நீர் என்றால் நம் பக்கத்தில் காய்ச்சல்காரனுக்கு, பிள்ளை பெற்றவளுக்கு, மார்கழியில் கொஞ்சம் வசதிப்பட்டவர்களுக்கு. மற்றவர்களுக்கு வாய்க்கால் உண்டு, அடிபம்பு உண்டு. இங்கே நவம்பர் மாதக் குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் விரல் நுனியில் இருந்து முழங்கை வரை ஒரு வலி ஏறும். முதியோர்களின் மலம் மூத்திரம் துடைத்துவிட்டு வருகிற ஒருத்தி அந்தத் தண்ணீரில் குளிக்க முடியாது. இங்கே வெந்நீர் ஆடம்பரம் இல்லை என்பதை முதலில் ஒத்துக்கொண்டால்தான் நான் மேலே எழுத முடியும்.

கீழே போய்க் கேட்டேன். வீட்டுக்காரர் ரகுபதி அண்ணன் நாற்காலியில் சாய்ந்தபடி சொன்னார்:

"பில்லு எகிறிப்போச்சு தம்பி. காலைல ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் நானே வந்து போட்டு விடுறேன். அதுக்குள்ள மூணு பேரும் முடிச்சிக்கணும். எண்ணெ முழுக்கெல்லாம் ஊரோட வச்சிக்குங்க."

2

ரகுபதி அண்ணன் மன்னார்குடிப் பக்கம். நான் வலங்கைமான் பக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு பஸ் பயணம்தான். வந்த புதிதில் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் பழக்கமானார். "வாங்க தம்பி, நம்ம தஞ்சாவூர்க்காரரா" என்று தோளில் கை போட்டார். அந்தக் கையின் கனம் அன்றைக்கு எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்போது நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்திருந்த ஒரு வீட்டில் ஒற்றை அறையில் இருந்தோம். தன் வீட்டு மாடியில் இரண்டு அறை சும்மா கிடப்பதாகச் சொன்னார். கரண்டு, தண்ணீர், வரி எல்லாம் வாடகைக்குள் அடக்கம். ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாமா என்றேன். "நம்ம ஊர் ஆளுங்களுக்குள்ள எதுக்குத் தம்பி பேப்பரு" என்றார்.

குடிபோன அன்று அண்ணி காபி கொடுத்தார். குடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் சாதாரணமாகக் கேட்டார்: "ஊர்ல எந்தத் தெரு?"

இந்தக் கேள்வியை நான் பள்ளிக்கூடத்தில், கல்லூரி விடுதியில், வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் கேட்டிருக்கிறேன். கடல் தாண்டிக் கேட்பது அதுதான் முதல் தடவை. சொன்னேன். அவர் முகம் மாறவில்லை. நல்ல மனிதர்தான். அடுத்த நாளில் இருந்து "வாங்க தம்பி" மட்டும் "வா தம்பி" ஆயிற்று. வாடகை மாறவில்லை.

செல்வி அன்று இரண்டு கப்புகளையும் கழுவி வைத்தபோது, "நம்ம குடிச்ச கப்ப தனியா வச்சிருக்காங்களான்னு பாத்தேன்" என்றாள். "வைக்கலல்ல?" என்றேன். "வைக்கல. அதயும் பாக்க வச்சிட்டாங்கல்ல" என்றாள்.

3

கீசர் என்ற சொல்லால் நான் பட்ட அவமானத்தையும் எழுதிவிடுகிறேன். நம் ஊரில் சுவரில் மாட்டும் வெந்நீர்த் தொட்டிக்குக் கீசர் என்று பெயர். நான் மின் பொறியியல் படித்தவன். எங்கள் பேராசிரியரே கீசர் என்றுதான் சொல்வார். ஒருமுறை வெந்நீர் வராதபோது அண்ணன் சொன்னபடி பிளம்பருக்குப் போன் செய்து, "எங்கள் வீட்டுக் கீசர் பழசாகிவிட்டது, சூடே ஏற மாட்டேன் என்கிறது, வந்து மாற்றிக் கொடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரிப்பு. இங்கே அந்த ஒலிக்குக் கிழவன், ஆசாமி என்று பொருளாம். ஆசாமியை மாற்றித் தரும் கடை தன்னிடம் இல்லை என்றான்.

அண்ணனுக்கு அது ரொம்ப நாள் ஓடியது. விருந்தாளி வந்தால் என்னைக் கூப்பிட்டு, "எஞ்சினியரே, நம்ம ஆசாமி சூடா இருக்கானா?" என்பார். எஞ்சினியர் என்ற சொல்லில்தான் அதிகம் சிரிப்பார். நான் இங்கே பார்ப்பது கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அந்தப் படிப்புக்கு இந்த நாட்டில் கிடைத்த முதல் மரியாதை இது.

4

பெட்டி வந்த பிறகு எனக்கு ஒரு பிடிவாதம் வந்தது. பில் எகிறியது எங்கள் குளியலால்தானா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவது.

கணக்கு எளிது. யாரும் வீட்டில் போட்டுப் பார்க்கலாம். எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை டிகிரி சூடு ஏற வேண்டும், இரண்டையும் பெருக்கி எண்ணூற்று அறுபதால் வகுத்தால் வருவது யூனிட். எங்கள் மாடித் தொட்டி நூற்றைம்பது லிட்டர். குழாயில் பத்து டிகிரியில் வரும் தண்ணீரை ஐம்பத்தைந்துக்கு ஏற்றினால் ஏறக்குறைய எட்டு யூனிட். ஒரு ஆள் ஷவரில் குளிக்க நாற்பது லிட்டர் என்று வைத்தால், குளிக்கிற சூட்டுக்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, பிள்ளையின் பாதிக் குளியலையும் சேர்த்தால், நாளுக்கு மூன்றரை யூனிட்.

அப்படியானால் மீதி எங்கே போகிறது? அண்ணனும் அண்ணியும் பெட்டிச் சாவியை என்னிடம் விட்டுவிட்டு ஒரு கல்யாணத்துக்கு வெளியூர் போன அன்று, சமையலில் சூடு பார்க்கும் வெப்பமானி ஒன்றை வாங்கி வந்தேன். தொட்டி சூடேறி நின்ற பிறகு குழாயில் ஒரு டம்ளர் பிடித்துப் பார்த்தேன். அறுபத்துநாலு. யாரும் ஒரு சொட்டுத் தொடாமல் மறுநாள் காலை பார்த்தேன். ஐம்பதுக்குக் கீழே. இரண்டரை யூனிட் சும்மா அலமாரிக்குள் ஆவியாகிப் போயிருந்தது. காரணம், தொட்டி அம்மணமாக நின்றது. எப்போதோ போர்த்தியிருந்த உறை கிழிந்து கீழே தொங்கியது. பகலெல்லாம் சுவிட்ச் போட்டே கிடந்த நாட்களில், நாங்கள் மூன்று பேர் குளித்ததைவிடத் தொட்டி தன்னந்தனியாகத் தின்றது அதிகம். போதாததற்குக் கீழ்வீட்டுக்குத் தனியாக இருந்த தொட்டியின் சமையலறைக் குழாய் இரவும் பகலும் சொட்டிக்கொண்டிருந்தது.

கணக்கைக் காட்டியதும் அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"அப்ப எங்க வீட்டுக் கொழாதான் குத்தவாளிங்கிற."

"கொழாயும் தொட்டியும் அண்ணே. ஆளு யாரும் இல்ல."

"ஆளு இல்லாம எங்கருந்து வருது பில்லு" என்றார். ஆனாலும் வேலைக்கு ஒத்துக்கொண்டார்.

தொட்டிக்குப் புது உறை கட்டினேன். வெளியே ஓடும் குழாய்க்குப் பஞ்சுக்குழல் மாட்டினேன். எழுபதில் இருந்த சூட்டுத் திருகை அறுபதுக்கு இறக்கினேன். அதற்கும் கீழே இறக்கினால் தொட்டிக்குள் கிருமி வளரும். அது தெரியாமல் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஷவர் தலையைக் குறைவாகத் தண்ணீர் விடும் ஒன்றாக மாற்றினேன். கீழ்வீட்டுக் குழாய்க்கு வாஷர் போட்டேன். அடுத்த பில் வந்தபோது அண்ணி மாடிப்படியில் நின்று, "கொறஞ்சிடுச்சுப்பா" என்றார். அண்ணன் வெளிப்படையாகவே மகிழ்ந்தார்.

"பரவால்லயே. உங்க பக்கத்துலயும் இப்ப நல்லாப் படிக்கிறாங்க."

"பூட்ட எடுத்துடலாமா அண்ணே?"

"அது கெடக்கட்டும். அது பாட்டுக்குக் கெடக்கு."

பில் குறைந்தது. பூட்டு அப்படியே இருந்தது. அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும், அந்தப் பெட்டிக்கும் பில்லுக்கும் சம்பந்தம் இல்லை என்று.

5

கரண்டு விஷயத்தில் எங்கள் வீட்டுக் கதை வேறு. எங்கள் குடிசை ஒரு பண்ணையின் களத்துமேட்டோரம் இருந்தது. தரை பண்ணைக்காரருடையது. மேலே இருந்த கீற்று மட்டும் எங்களுடையது. பண்ணைக்காரரின் போர்செட் மோட்டாருக்கு அரசாங்கம் கரண்டை இலவசமாகக் கொடுத்தது. எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அது மட்டும் மாறவில்லை. குடிசைகளுக்கும் ஒரு திட்டம் இருந்தது. ஒற்றை பல்பு, மீட்டர் கிடையாது, காசும் கிடையாது. ஆனால் தரைக்குச் சொந்தக்காரர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அவர் போட மாட்டார். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். கரண்டு ஆபீஸ் அட்டை ஒன்று கூலிக்காரன் பெயரில் வந்துவிட்டால், அவன் அங்கே குடியிருக்கிறான் என்பதற்கு அது அத்தாட்சி. நாளைக்கு மனைப்பட்டா கேட்டுத் தாசில்தாரிடம் அதை நீட்டுவான். சிவப்புக் கொடிக்காரர்கள் அட்டை வாங்குங்கள், அட்டை வாங்குங்கள் என்று கூட்டம் போட்டதும் அதற்குத்தான். அந்தக் கூட்டங்களுக்குப் போனவர்களை நடவுக்குக் கூப்பிடாமல் விட்ட வருடங்கள் உண்டு.

கையெழுத்துக்குப் பதிலாகப் பண்ணையின் காரியக்காரர் ஒரு வழி சொன்னார். "மோட்டார் கொட்டாயிலருந்து ஆளுக்கொரு வயரு இழுத்துக்கங்கடா. ஓசிக் கரண்டுதானே. ஐயா ஒண்ணும் சொல்ல மாட்டாரு." அண்டை அயலில் எல்லோரும் இழுத்துக்கொண்டார்கள். என் அப்பா மாரிமுத்து மட்டும் மாட்டேன் என்றார். "அவரு வயருல எரிஞ்சா அது அவரு வூடு" என்றார். அவ்வளவுதான், வேறு விளக்கம் இல்லை. அம்மா அவரோடு பேசாமல் இருந்தாள். பக்கத்து வீட்டில் பல்பு எரியும்போது எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய் நாற்றம். நான் பரீட்சைக்குப் படித்தது பள்ளிக்கூட வராந்தாவில்.

கடைசியில் பண்ணைக்காரர் இறந்து, பிள்ளைகள் பாகம் பிரித்துச் சண்டை போட்டுக்கொண்டதில், ஒரு மகன் இன்னொருவனுக்கு எதிராக எங்கள் தாளில் கையெழுத்துப் போட்டான். அப்பாவின் பெயரில் அட்டை வந்தது. நிலம் விற்கப்பட்டபோது அந்த அட்டையால் எங்களுக்கு மூன்று சென்ட் மனை கிடைத்தது. மோட்டார் கொட்டகை வயரில் எரிந்த வீடுகளுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் ஆற்றுப் புறம்போக்குக்குப் போனார்கள். அவர்களில் ஒருவரின் மகன் என்னோடு படித்தவன். எங்கள் வீட்டைத் தாண்டும்போது இன்றும் என் அப்பாவைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். மூன்று சென்ட் ஜெயித்ததில் சந்தோஷம் என்று ஒன்று எங்களுக்கு இருந்ததில்லை.

6

கயலுக்கு அடுத்த செப்டம்பரில் பள்ளிக்கூடம். தெருமுனையிலேயே ஒரு பள்ளி இருக்கிறது. செல்வி இரவுப் பணி முடித்து வரும் பஸ் அதன் வாசலில்தான் நிற்கும். வந்த கையோடு பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அவள் தூங்கலாம். அவள் வந்து நுழையும்போதே நான் கிடங்குக்குக் கிளம்ப வேண்டியவன். அந்தப் பள்ளி கிடைக்காவிட்டால் எங்கள் இருவரில் ஒருவர் வேலையை விட வேண்டும் அல்லது செல்வி தூக்கத்தை விட வேண்டும். விசா செல்வியின் வேலையில் தொங்குகிறது. ஆகவே எந்தத் தூக்கம் போகும் என்பதில் சந்தேகம் இல்லை.

கயலுக்கு அது எதுவும் தெரியாது. அவள் பொம்மைகளுக்கு ஆங்கிலத்தில் சோறு ஊட்டுகிறாள். வெந்நீர் என்றால் அவளுக்குத் தெரியாது, "ஹாட் தண்ணி". பூட்டிய பெட்டியைப் பார்த்து, "அப்பா, ஹாட் தண்ணி தூங்குதா?" என்றாள். அண்ணன் வந்து திறக்கும்போது எழுந்துகொள்ளும் என்று சொல்லி வைத்தோம்.

பள்ளிக்கு விண்ணப்பம் போட, நம் நகராட்சி மாதிரியான கவுன்சில் அலுவலகத்துக்குப் போனேன். ஜனவரி நடுவில் கடைசி நாள்; பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கே முதலில் இடம். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் புன்சிரிப்போடு கேட்டாள்: அந்த முகவரிக்கு உங்கள் பெயரில் வந்த ஏதாவது ஒன்று இருக்கிறதா? வாடகை ஒப்பந்தம்? கரண்டு பில்? தண்ணீர்க் கட்டணம்? சம்பளச் சீட்டும் பேங்க் கணக்கும் எங்களுக்கு மின்னஞ்சலில்தான் வருகின்றன. அது செல்லாது என்றாள். "நீங்கள் அங்கே வசிக்கிறீர்கள்தானே?" என்று கேட்டாள். அவள் தப்பாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வருடமாக வசிக்கிறேன், அதைக் காட்ட என்னிடம் ஒரு துண்டுத் தாள் இல்லை.

அன்று மாலை நான் செய்தது, எங்கள் வீட்டில் வளர்ந்த ஒருவன் செய்திருக்கவே கூடாத காரியம். நேராகக் கீழே போய் அண்ணனிடம், அவருக்கு உதவி செய்கிற தொனியில், அதைக் கேட்டேன்.

"அண்ணே, மாடிக்குத் தனியா மீட்டர் வச்சிடலாம். அந்தப் பில்ல எம்பேருக்கு மாத்திடுங்க. நானே கட்டிடுறேன், உங்களுக்கும் தொந்தரவு இல்ல. பாப்பா ஸ்கூலுக்கும் ஒதவும்."

அண்ணன் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"யாரு சொல்லிக் குடுத்தா ஒனக்கு?"

"யாரும் இல்லண்ணே. கவுன்சில்ல கேக்குறாங்க."

"கவுன்சிலுக்குப் போனியா? இந்த அட்ரஸ சொன்னியா?"

"சொல்லாம எப்படிண்ணே."

மாடியில் ஆள் குடியிருப்பதை அவர் எங்கேயும் பதிவு செய்திருக்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அண்ணி உள்ளிருந்து, "தம்பி தெரியாம கேக்குது, விடுங்க" என்றார்.

"தெரியாமலா? இவங்களுக்கா தெரியாது? எங்க கொல்லையில இப்படித்தான் ஒவ்வொருத்தனா வந்து கரண்டு அட்டைக்குக் கையெழுத்துக் கேட்டான். எங்கப்பாவுக்கு எளகின மனசு, போட்டாரு. இன்னிக்கு ரோட்டோர நெலம் அவனுங்க கையில. இம்மாந் தூரம் பிளேன் ஏறி வந்தும் அட்டை கேக்குற புத்தி போகல பாரு."

"அண்ணே, பத்திரம் உங்க பேருல இருக்கு. கரண்டு பில்லால வீடு என்னுதாயிடுமா?"

"ஆகாது. அது ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்." கோப்பையை மறுபடி எடுத்தார். "இருந்தும் கேக்குற பாரு."

பிறகு, மாதம் முடிவதற்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. தொட்டிக்கு நான் வாங்கிக் கட்டிய உறையின் விலையை வாடகையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். அந்த நேர்மைதான் எனக்கு இன்னும் எரிகிறது.

7

அப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் என் பக்கம் நிற்பார் என்று நினைத்திருந்தேன்.

"அவரு சொல்றபடி இருந்துட்டுப் போயேன் தம்பி. பொண்டாட்டி புள்ளைய வச்சிக்கிட்டு அந்தக் குளுருல எங்க போவ?"

"நீதானப்பா அன்னிக்கு வயரு வேணாம்னு நின்ன."

"நான் எங்க நின்னேன்? எங்கப்பன் செத்த மண்ணுல நின்னேன். நீ எங்க நிக்கிற?"

செல்வி போனை என் கையில் இருந்து வாங்கி, "மாமா, நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க, வேற வீடு பாத்தாச்சு" என்றாள். பார்த்திருக்கவில்லை. போனை வைத்த பிறகு என்னிடம், "அந்தாளு தொறந்து விட்டாத்தான் குளிக்கணும்னா, நான் குளிக்காமலே இருந்துக்கிறேன். எந்திரிங்க, தேடுவோம்" என்றாள்.

தேடினோம். அதே பள்ளிக்கு அருகே, ஒரு கடைக்கு மேலே, ஒற்றை அறையும் சமையல் மூலையும் உள்ள இடம் கிடைத்தது. வாடகை அதிகம், சுவரில் ஈரப்பூஞ்சை. ஒப்பந்தம் எழுதித் தந்தார்கள், கரண்டு எங்கள் பொறுப்பு என்றார்கள். இந்த முகவரிக்கு வந்த முதல் பில்லும் ஒப்பந்தமும் சேர்த்துக் கொண்டுவந்தால்தான் விண்ணப்பத்தைப் பரிசீலிக்க முடியும் என்று கவுன்சில் சொல்லிவிட்டது. பில் வருவதற்குள் கடைசி நாள் போய்விட்டது.

பில் வந்தபோது உறையின் மேல் "திரு எஸ். மாரிமுத்து" என்று இருந்தது. செந்தில் என்ற என் பெயருக்கு அதில் ஓர் எழுத்துத்தான் மிஞ்சியிருந்தது. பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தான் இங்கே குடும்பப் பெயர். கயலின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் செந்தில். செல்விக்கு அவள் அப்பாவின் பெயர், காத்தமுத்து. ஒரே அறையில் மூன்று குடும்பம்.

கண்ணாடிக்குப் பின்னால் அதே பெண். பில்லைப் பார்த்தாள், விண்ணப்பத்தைப் பார்த்தாள்.

"குழந்தை செந்தில். பில் மாரிமுத்து. மாரிமுத்து குழந்தைக்கு யார்?"

"தாத்தா. ஆனால் இது நான்தான்."

"அவர் இந்த முகவரியில் வசிக்கிறாரா?"

"இல்லை. இந்தியாவில் இருக்கிறார். இது என் பெயர். அவருடைய பெயரும்தான்."

அவள் பொறுமையாகவே கேட்டுக்கொண்டாள். என் பாஸ்போர்ட், கயலின் பிறப்புச் சான்றிதழ், செல்வியின் தாள்கள் எல்லாவற்றையும் நகல் எடுத்தாள். மேலதிகாரி பார்க்க வேண்டும் என்றாள். மேலதிகாரி பார்த்து, மாரிமுத்து நானேதான் என்று ஒத்துக்கொண்டு கடிதம் வந்தபோது, தெருமுனைப் பள்ளியில் இடம் நிரம்பிவிட்டிருந்தது. இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில் ஒரு பள்ளியைக் கொடுத்தார்கள். காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்த்திருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். செல்வி கடிதத்தைப் படித்துவிட்டுப் பஸ் அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டாள். பகலில் இனி எவ்வளவு நேரம் தூங்க முடியும் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவிடம் சொல்லத்தானே வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். பில் யார் பெயரில் வந்திருக்கிறது என்பதையும் சொன்னேன்.

"எம்பேருலயா?"

"ஆமாப்பா. இங்க உம்பேருதான் குடும்பத்துக்கே."

"நான் அங்க இல்லியே தம்பி. எம்பேருல எப்பிடிக் குடுத்தான்?"

விளக்கினேன். எவ்வளவு விளங்கியது என்று தெரியவில்லை. பின்னால் கோழியை யாரோ விரட்டும் சத்தம் கேட்டது.

"அப்ப புள்ளைக்கு அந்தப் பள்ளிக்கூடம் குடுத்துட்டான்ல?"

"குடுக்கலப்பா."

"எம்பேரு போட்டுப் பில்லு இருந்துமா குடுக்கல?"

"இருந்தும் குடுக்கல."

கட்டாகிவிட்டதோ என்று போனைக் காதில் இருந்து எடுத்துப் பார்த்தேன். பிறகு சொன்னார்:

"சரி. நாள் தவறாம கட்டிடு. எம்பேரு இருக்கு அதுல."